முப்பது வருட வில்லங்கம்: ஒரு புறநகர் மனையின் முன்கதை

1

எங்கள் வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. தாம்பரத்துக்கு மேற்கே, ரயிலடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடத் தொலைவில், அரை கிரவுண்டில் அப்பா கட்டிய வீடு. ஊர்ப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. 'நீ என்ன வேணா எழுதிக்கோ, ஊர் பேரை மட்டும் போடாத. அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க மனையெல்லாம் விலை இறங்கிடும்' என்பது அப்பா போட்ட நிபந்தனை. ஒத்துக்கொண்டேன். ஒரு வரலாற்றுக் கட்டுரை தன் களத்தின் பெயரை மறைத்துக்கொண்டு தொடங்குவது பெரிய கோளாறு என்று தெரியும். ஆனால் அந்தக் கோளாறுதான் இக்கட்டுரையின் பொருள் என்பதால் அது அப்படியே இருக்கட்டும்.

வாங்க வந்தவரின் வக்கீல் ஒரு பட்டியல் அனுப்பினார். தாய்ப்பத்திரம், இடைப்பத்திரங்கள், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, மனை வரன்முறை ஆணை, வீட்டுவரி ரசீது. அப்பா பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் முன்னால் வைத்தார். 'தமிழ் எம்.ஏ. படிச்சவனாச்சே, படிச்சு வரிசையா அடுக்கு' என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். கிண்டி தொழிற்பேட்டையில் முப்பத்தோரு வருடம் லேத் ஓட்டிய மனிதர். என் படிப்பு எதற்கும் உதவாது என்பது அவருடைய பழைய தீர்மானம்.

இலக்கியப் பிரதிகளைப் படிப்பதற்குப் பழகியவர்கள் நாம். பிரதியில் பேசுகிறவன் யார், பேச விடப்படாதவன் யார், மௌனம் எங்கே விழுகிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் நம் ஒவ்வொருவர் வீட்டு பீரோவிலும் இருக்கிற அந்தப் பிரதியை, நாம் உறங்கும் தரையை நமக்குத் தந்த பிரதியை, யாரும் படித்ததில்லை. நானும்தான். முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் பட்டது இது: பத்திரம் என்பது நிலத்தின் வரலாறு அல்ல, விற்றவர்களின் வரலாறு. அந்த மண்ணில் உழுதவர், மாடு மேய்த்தவர், குடிசை போட்டவர், பிணம் புதைத்தவர் எல்லோரும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். யார் கைமாற்றினார்களோ அவர்கள் மட்டுமே அதில் ஆள். 'சுத்தமான பத்திரம்' என்று நாம் சொல்வது இப்படி மற்றவர்களைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான்.

2

ஆவணம் என்ற சொல்லை அகராதியில் பாருங்கள். பத்திரம் என்று ஒரு பொருள். உரிமை என்று ஒரு பொருள். கடைத்தெரு என்று ஒரு பொருள். அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள். விற்பனையும் உரிமையும் அடிமையும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை.

தாய்ப்பத்திரத் தகராறு தமிழில் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார். சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். 'உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை' என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே சபை கூடுகிறது. பாட்டனின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. சுந்தரர் தோற்றார். 'உம் வீடு எங்கே, காட்டும்' என்று கேட்டபோது கிழவர் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார்.

பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட கதை. எனக்கு இன்று இது ஒரு ரிஜிஸ்டர் ஆபீஸ் கதையாகத்தான் தெரிகிறது. மூலம் இருந்தால் நகலைக் கிழித்துப் பயனில்லை. கையெழுத்து பொருந்தினால் போதும், நியாயம் பொருந்த வேண்டியதில்லை. முக்கியமாக, பாட்டன் வைத்த கை பேரனைக் கட்டும். பேரனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். இன்று அதுவும் மனைப் பிரிவுகளுக்கு நடுவில் இருக்கிறது.

தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையொன்றில், ஆர்க்கைவ் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ஆட்சியாளர்களின் வீடு என்று பொருள் இருப்பதை எடுத்துக்காட்டினார். ஆவணங்கள் அங்கேதான் வைக்கப்பட்டன. வைத்திருப்பவர்களுக்கே அவற்றுக்குப் பொருள் சொல்லும் அதிகாரமும் இருந்தது. ஆக, ஆவணம் தங்குவதற்கு முதலில் ஒரு வீடு வேண்டியிருந்தது. நம் காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. வீடு தங்குவதற்கு ஆவணம் வேண்டியிருக்கிறது. செங்கல்லும் சிமெண்டும் இரண்டாம் பட்சம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தைத்தான், உரிமையை அல்ல. விற்பவனுக்கு உண்மையில் பாத்தியம் இருக்கிறதா என்று ஆராய்வது அவர் வேலையில்லை. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. பிரதிக்கு வெளியே உண்மை இருக்கிறதா என்று சிற்றிதழ்களில் நாம் முட்டிக்கொண்டிருந்தோம். ரிஜிஸ்டர் ஆபீசில் அந்த விவாதம் என்றைக்கோ முடிந்துவிட்டது.

3

இனி வீட்டுக் கதை. அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் மட்டும் நல்லவனாக நழுவுகிற எண்ணம் எனக்கு இல்லை.

சென்னை வளர்ந்த விதம் தெரிந்ததுதான். 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். இன்றும் அங்கே ஒரு தெருவுக்கு லேக் வியூ ரோடு என்று பெயர், ஏரிதான் இல்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் இருபுறமும் இருந்த ஏரிப் பாசனக் கிராமங்கள் 'புறநகர்' என்ற புதுப்பெயரைப் பெற்றது அதற்குப் பிறகுதான். நகரம் என்ற ஒன்றை மையத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவை புறம். அங்கேயே இருந்தவர்களுக்கு அது ஊர்.

சிட்டிக்குள் வாடகை கொடுத்து மாளாத தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ரயில் போகிற திசையிலேயே போனார்கள். 1990களில் இது ஒரு வேகம் பிடித்தது. வயலில் பயிர் வைப்பதை நிறுத்தி, இரண்டு மூன்று வருடம் தரிசாகப் போட்டு, கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து அழைத்துப்போய் சாப்பாடு போட்டு மனை விற்றார்கள். அப்பாவும் அந்த வேனில் போனவர்தான். 1996இல் 72,000 ரூபாய்க்கு அரை கிரவுண்டு. பாதி ரொக்கம், மீதி தவணை. அம்மாவின் வளையல் போயிற்று. பஞ்சாயத்து அப்ரூவல் என்றார்கள். அந்த வட்டாரத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குத்தான் உண்டு என்பது வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. விற்றவர்களுக்குத் தெரியும்.

1998இல் வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. மாடி எழும்பப் பதினோரு வருடம் ஆயிற்று. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் மூழ்கின. எங்கள் ஹாலில் இடுப்பளவு தண்ணீர். ஏரியும் அதன் உபரிநீர் போகும் வழியும் இருந்த இடத்தைத் தண்ணீர் மறக்கவில்லை. பதிவேடு மறந்தது, அவ்வளவுதான். மஞ்சள் பை மட்டும் நனையவில்லை. அப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு மாடியேறினார். டிவி போயிற்று, ஃபிரிட்ஜ் போயிற்று, என் புத்தகங்கள் போயின. 'பத்திரம் இருக்கு, போதும்' என்றார்.

மறுவருடம் தங்கையின் கல்யாணத்துக்காக வீட்டை அடமானம் வைக்கப்போனபோது இன்னொரு அடி. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. வயல்களும் நீர்நிலைகளும் கண்மண் தெரியாமல் பிளாட்டாவதைத் தடுக்க வந்த உத்தரவு அது, நியாயமானதுதான். ஆனால் அடி விழுந்தது வேன் வைத்து விற்றவர்கள் மேல் அல்ல, சாப்பாடு சாப்பிட்டு வாங்கியவர்கள் மேல். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் வரன்முறை. அப்பா கட்டினார். ஒரு தாள் வந்தது. இருபது வருட மீறல் ஒரே நாளில் முறையானது.

வரன்முறை என்ற இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும்.

4

வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தது. முப்பது வருடத்தில் எங்கள் மனைமேல் கடன் இல்லை, வழக்கு இல்லை, ஜப்தி இல்லை. முப்பது என்பது என்ன கணக்கு? 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் முப்பது வருடம் பழைய பத்திரம், வைத்திருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால், அதை மெய்யானது என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. காலவரையறைச் சட்டத்தில் அரசு தன் நிலத்துக்கு வழக்குப் போட முப்பது வருடம். ஒரு தலைமுறை போனால் சாட்சி செத்துப்போவான், கேட்கிறவன் ஓய்ந்துபோவான் என்ற கணக்குதான் போலிருக்கிறது. அதற்கு மேல் தோண்ட வேண்டாம் என்பது சந்தை தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி.

வக்கீல் அங்கேயே நின்றுகொண்டார். நான் நிற்கவில்லை. புத்திசாலித்தனம் அல்ல, வெறும் ஆய்வேட்டுப் பழக்கம். ஒரு பிரதி இன்னொரு பிரதியைச் சுட்டினால் அதைத் தேடிப்போகும் பழக்கம்.

அப்பாவின் 1996 பத்திரம் 1983ஆம் வருடத்துப் பத்திரத்தைச் சுட்டுகிறது. அதில் ஒரு ஏக்கர் சொச்சம் கைமாறுகிறது. அந்தப் பத்திரம் 1968ஆம் வருடத்துக் கிரையம் ஒன்றைச் சுட்டுகிறது. மனுப்போட்டு, பணம் கட்டி, மூன்று முறை அலைந்து அதன் நகலை வாங்கினேன். எழுதிக்கொடுத்தவரின் முகவரி: மேற்படி கிராமம், காலனி. தொகை நானூறு ரூபாய். காரணம்: குடும்பச் செலவுக்காகவும் மகள் கல்யாணக் கடனுக்காகவும். சொத்து வந்த வழி: 'என் தகப்பனாருக்கு சர்க்கார் ஒப்படை மூலம் பாத்தியப்பட்டு'. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. கீழே வழக்கமான வாசகம்: படித்துக்காட்டக் கேட்டு சரியென்று ஒப்புக்கொண்டு.

சர்க்கார் ஒப்படை என்ற சொல் இடித்தது. தாலுகா ஆபீசில் பழைய அ-பதிவேட்டைப் பார்க்க அடுத்த அலைச்சல். எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கலத்தில், மசி மங்கிப்போன இரண்டு எழுத்து: டி.சி.

டி.சி. என்றால் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். ஆனாலும் சொல்ல வேண்டிய இடம் இது. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அந்த ஜில்லாவின் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். உழைக்கிறவனைக் கட்டிப்போடும் கயிறுகளில் முக்கியமான ஒன்றாக அவர் கண்டது வீட்டு மனையை. சேரியின் தரையே மிராசுதாரின் பேரில் இருக்கிறது. கூலி அதிகம் கேட்டால், வேறிடத்துக்கு வேலைக்குப் போனால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. வீடு இல்லாததால் அடிமை, அடிமையாக இருப்பதால் வீடு இல்லை. இதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010-ஏ என்ற அரசாணைகள் வந்தன. அவற்றின் வழியில் ஒதுக்கப்பட்டவைதான் நாம் பஞ்சமி நிலம் என்கிறவை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. நிபந்தனை என்னவென்றால், முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறி மற்றவர் வாங்கினால் அந்தக் கிரையம் செல்லாது. நீதிமன்றங்களும் பல வழக்குகளில் இதை உறுதிசெய்திருக்கின்றன.

1968இல் வாங்கியவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்ல. 1983இல் வாங்கியவர் அல்ல. மனை போட்டவர் அல்ல. நாங்களும் அல்ல, பிற்படுத்தப்பட்ட சாதி. ஆக எங்கள் தாய்ப்பத்திரத்தின் தாயே செல்லாதவள்.

அந்தக் குறிப்பு இப்போதைய பதிவேட்டில் இல்லை. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று வி.ஏ.ஓ. ஆபீசில் சொல்வார்கள், பட்டாக்களெல்லாம் புதிதாக எழுதப்பட்டன. பல கிராமங்களில் டி.சி. குறிப்பு காணாமல் போனது அப்போதுதான் என்று பஞ்சமி நில மீட்பில் ஈடுபட்டவர்கள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார்கள். எங்கள் சர்வே எண்ணிலும் அதுதான் நடந்திருக்கிறது. அழித்ததற்கு ஆணை இல்லை, அடித்துத் திருத்திய கோடும் இல்லை. படியெடுத்தபோது விட்டுப்போனது. பிரதியெடுப்பவனின் கைப்பிழை என்று ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் பெருந்தன்மையாகச் சொல்வார்களே, அந்த மாதிரி. ஆனால் இந்தப் பிழை இவர்கள் பக்கம் ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை. எல்லாம் ஒரே பக்கம்தான்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வாருங்கள். நாங்கள் செய்த மீறலை அரசு கட்டணம் வாங்கிக்கொண்டு, தாள் கொடுத்து வரன்முறை செய்தது. 1892இன் நிபந்தனையை மீறியதோ கட்டணமில்லாமல், விண்ணப்பமில்லாமல், ஒரு குறிப்பை எழுதாமல் விட்டதாலேயே வரன்முறை ஆகிவிட்டது.

இந்த எழுதாமல் விடுதலுக்கு நீண்ட மரபு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கால்த்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். கோயிலுக்கு வரி தர வேண்டிய ஊர்களின் நிலத்தை அளந்து, வரியில்லாதவற்றைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி எல்லாம் அந்தக் கழிவுப் பட்டியலில் வரிசையாக வருகின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கணக்கன் குறைந்தபட்சம் 'இங்கே ஒரு சேரி இருக்கிறது' என்று கல்லில் வெட்டிவிட்டுக் கழித்தான். நம் காலத்துக் கணக்கன் அதையும் செய்யவில்லை.

5

1968இல் ரேகை வைத்தவரின் மருமகள் உயிரோடு இருக்கிறார். எங்கள் தெருவுக்குப் பின்னால் காலனியில். எனக்குத் தெரிந்தவர்தான், ஆயா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீடு கட்டியபோது சித்தாளாக வேலை செய்தவர். எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்திருக்கிறார்.

நகலை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். ஐம்பது வருடம் கழித்து இரண்டாவது முறையாகப் 'படித்துக்காட்டக் கேட்டு'.

'அது எங்க மாமனாரு கயனி தம்பி. கேவுரு போடுவாங்க, தண்ணி இருந்தா நெல்லு. நாத்தனா கல்யாணத்துக்கு நானூறு ரூவா வாங்கனாரு, ரேக வச்சாரு. வித்துட்டேன்னு அவரு வாயால சொன்னதே கெடையாது. அடமானம்னுதான் சொல்வாரு. பணத்த எடுத்துகினு திருப்பப் போனப்ப, இது கிரையம், போய்யான்னு சொல்லிட்டாங்களாம்.'

நான் கேட்டேன், 'ஏன் ஆயா, எங்க வீடு கட்டறப்பவே இதைச் சொல்லலையே?'

'சொன்னா? உங்கப்பா கல்ல எடுத்துகினு பூடுவாரா? அவரும் வளையல வித்துட்டுத்தான் வந்தாரு. எனக்கு அன்னிக்குக் கூலி அறுவது ரூவா.'

இதற்கு என்ன கோட்பாடு சொல்வது? ஒடுக்கப்பட்டவரின் வாய்மொழி வரலாறு என்று ஒரு கட்டுரை எழுதலாம். நான் அப்படி எழுதியும் இருக்கிறேன், வேறு ஊர்களைப் பற்றி. இந்த முறை எழுதுகிறவன் உட்கார்ந்திருக்கிற தரை அது. ஆயாவின் வீட்டுக்கு இன்று வரை பட்டா இல்லை. வேளாண் தொழிலாளிகளுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. அவருடைய மனைவரை அது வரவில்லை. ட்ரெமென்ஹீர் விட்ட இடத்திலேயே நிற்கிறது விஷயம்.

இந்தச் சத்தத்தை யாரும் எழுப்பாமல் இல்லை. 1994இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டம் நடந்தது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஊர்வலமாக வந்தவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்துப்போனார்கள். அப்போது எனக்கு நாலு வயது. அப்பாவுக்கு நினைவிருக்கிறது. 'அந்தப் பக்கம் ஏதோ கலாட்டான்னு பேப்பர்ல பாத்தேன்' என்றார். அதற்கு இரண்டாம் வருடம் அவர் வேனில் ஏறி மனை பார்க்கப் போனார். கலாட்டா எதற்கு என்பதும் தான் பார்க்கப்போன மனையும் ஒரே கதையின் இரண்டு பக்கம் என்று அவருக்குத் தெரிய எந்த வழியும் இல்லை. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கலர்க் கொடியும் சாப்பாடும்.

6

அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'நான் யார் கிட்டயும் புடுங்கலடா. விலை குடுத்து வாங்கினேன்' என்றார். உண்மை. அவர் முப்பத்தோரு வருடக் கூலி அந்தச் சுவரில் இருக்கிறது. அவரை ஆதிக்கச் சக்தி என்று ஒரு பெட்டியில் போட்டுவிட என் கை எழவில்லை. ஆனால் விலை கொடுத்தது என்பது வேறு, யாருக்குக் கொடுத்தோம் என்பது வேறு. நானூறு ரூபாய் 1968இல் நின்றுவிட்டது. அதற்குப் பின் ஏறிய விலையில் ஒரு பைசா காலனிக்குப் போகவில்லை. இன்று எங்கள் அரை கிரவுண்டும் வீடும் 58 லட்சத்துக்குப் பேசி முடிந்திருக்கிறது. அதில் தங்கைக்குப் பாதி. மீதியில் அப்பாவின் ஆபரேஷன் கடன் போக, எனக்குச் சிட்டிக்கு இன்னும் வெளியே ஒரு சின்ன ஃபிளாட். அதுவும் ஏதோ ஒரு ஊரின் ஏதோ ஒரு ஏரிக்கரை.

கிரையப் பத்திரத்தின் வரைவு வந்தது. தமிழைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார் டாக்குமெண்ட் ரைட்டர். புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியதைகளுடன் என்று பழைய வாய்பாடெல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே: சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும், நான் சாட்சிக் கையெழுத்து.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வாங்குகிறவரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார், பேரம் முறியும், அப்பா ஆயுசுக்கும் பேசமாட்டார் என்றெல்லாம் தயாராகப் போயிருந்தேன். அவர் அமைதியாகக் கேட்டார். நல்ல மனிதர். பிறகு சொன்னார்: 'இந்த பெல்ட் முழுக்க அப்படித்தான் சார். யு.டி.ஆர். பட்டா க்ளியரா இருக்கு, பேங்க்ல லோன் ஓகே ஆயிடுச்சு. நீங்க வெளிப்படையா சொன்னதுக்கு சந்தோஷம். ஒரு ரெண்டு லட்சம் குறைச்சுக்கலாமா?'

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தை அதிரும் என்ற நம்பிக்கை, எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள மூடநம்பிக்கை. சந்தை அதிரவில்லை. விலை போட்டது. நூற்று முப்பது வருடத்து அரசாணை, பெருவிரல் ரேகை, செங்கல்பட்டில் விழுந்த இரண்டு உயிர் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியும் ஆயாவுக்கு அல்ல, வாங்குகிறவருக்கு.

ஆகவே தனிமனித மனசாட்சியால் ஆகக்கூடிய காரியம் அல்ல இது. நான் விற்காமல் இருந்தால் ஒரு பஞ்சமி மனையில் ஒரு யோக்கியன் குடியிருப்பான், அவ்வளவுதான். ஆயாவுக்கு நிலம் வராது. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளைக் கிராமம் கிராமமாக வெளியிட வேண்டும். டி.சி. குறிப்பு எங்கெங்கே விட்டுப்போனது என்பதைச் சர்வே எண்ணோடு மக்கள் முன் வைக்க வேண்டும். மனையாகிப்போன இடங்களில், கூலிக்காரன் வீட்டை இடிக்காமல், காலனிக்கு ஈடாக நிலமும் பட்டாவும் தருவதற்கு வழி காண வேண்டும். மனைப்பிரிவுகளை வரன்முறை செய்யக் கட்டணம் வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு இதற்கும் ஒரு நிதி வசூலிக்கத் தெரியும். இதைக் கேட்க வேண்டியவர்கள் காலனிக்காரர்கள் மட்டுமல்ல. அவர்கள் கேட்டுச் சுடப்பட்டாயிற்று. மஞ்சள் பை வைத்திருக்கிற நாமும் கேட்க வேண்டும். நம் நலக்கூட்டங்கள் ரோட்டுக்கும் தண்ணிக்கும் மனுக்கொடுக்கின்றன. அந்த மனுவில் இதற்கும் ஒரு வரி இடமிருக்கிறது.

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்தில் பேசிப் பார்த்தேன். பதினாலு பேர் வந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் எழுந்துபோய்விட்டார்கள். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் தாய்ப்பத்திரத்தை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்ரிமெண்ட் கெடு அடுத்த மாதம் இருபதாம் தேதி முடிகிறது. வரைவு இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்ற வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அப்பா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஒன்றும் கேட்பதில்லை. ஊரப்பாக்கத்திலோ பம்மலிலோ அம்பத்தூரிலோ திருநின்றவூரிலோ அரை கிரவுண்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிற தோழர்களே, பீரோவைத் திறந்து உங்கள் பையையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முப்பது வருடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.